தற்காலிக நினைவகம் (இணையதளம்)

உள்ளடக்க மேலாண்மை மென்பொருளால் இயங்கும் பெரிய இணையதளங்களில், தரவுத்தளத்தைப் பன்முறை வினவித் தொகுத்த பக்கத்தை ராம் நினைவகத்திலே இருத்தி, அதனையே நாடிவரும் அடுத்தவர்க்கு மறுபடி தொகுக்கும் சிரமமின்றி உடனே வழங்கும் முறை. 2003இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் இயற்றிய மெம்கேஷ்டு இதற்குப் பிரசித்தமான மென்பொருள்.

எடுத்துக்காட்டாக, 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்தினின்று பிரிந்து உதயமான கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் இணையதளம், தேசியத் தகவலியல் மையத்தின் எஸ்3வாஸ் என்னும் இணையதள உருவாக்க மேடையில் அமைந்தது. இத்தகைய தளத்தில், கல்வராயன் மலையின் மேகம் அருவி, பெரியார் அருவி ஆகியவற்றைப் பற்றிய, அபூர்வமாகவே மாறும் பக்கங்களையும் படங்களையும் நெடுநாள் இருத்திவைக்கலாம். ஒப்பந்தப்புள்ளி, ஆட்சேர்ப்பு முதலிய அறிவிப்புகள் திருத்தம் பெற்ற க்ஷணமே அவற்றின் பழைய பிரதியை அகற்றுவது அவசியம். ஏனெனில், காலாவதியான தேதியை நம்பி விண்ணப்பதாரர் வாய்ப்பிழப்பாராயின், வேகத்தால் யாதொரு பிரயோஜனமும் இல்லை.