எழுநூறு சீ.சீ.க்கு உட்பட்ட வரலாறு

பிரித்தானியாவில் சின்னஞ்சிறு கார்களுக்கென்றே ஒரு கழகம் உண்டு. 'றெஜிஸ்ரர் ஒஃப் அன்யூஷுவல் மைக்ரோகார்ஸ்' என்பது அதன் பெயர். வழமைக்கு மாறான நுண்கார்களின் பதிவேடு என்று தமிழில் சொல்லலாம். ஒரு கார் அதில் இடம்பெறுவதற்கான தகுதியைக் கழகம் சில வரிகளில் வகுத்துவைத்திருக்கிறது. சிக்கனத்துக்கான வாகனமாக இருக்க வேண்டும். மூன்று அல்லது நான்கு சில்லுகள் இருக்க வேண்டும். பெற்றோல் இயந்திரமாயின் அதன் கொள்ளளவு 700 சீ.சீ.யைத் தாண்டக் கூடாது. அன்றேல் மின்கலத்தில் ஓடுவதாக இருக்க வேண்டும். 1945ஆம் ஆண்டு தொடக்கம் தயாரிக்கப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும்.

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் புரூஸ் வைனர் என்பவர் நடத்திவந்த மைக்ரோகார் அருங்காட்சியகமும் இதே 700 என்ற எல்லையை ஏற்றுக்கொண்டிருந்தது. கதவுகள் இரண்டுக்கு மேற்படலாகாது என்ற நிபந்தனையையும் அது சேர்த்துக்கொண்டது.

கார் ஆர்வலர்களின் கழகமென்றால் அழகையும் வேகத்தையும் பற்றிய பேச்சு இருக்குமென்றுதான் எதிர்பார்ப்போம். இவர்களுடைய விதிகளோ வரித் திணைக்களத்தின் சுற்றறிக்கையைப் போல இருக்கின்றன. அதற்குக் காரணம் உண்டு. இந்தக் கார்களைப் பெற்றெடுத்ததே அத்தகைய சுற்றறிக்கைகள்தாம்.

மேற்கு ஜேர்மனியை எடுத்துக்கொள்வோம். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அங்கே மோட்டார் சைக்கிளுக்கான நான்காம் வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருந்த ஒருவர், 250 சீ.சீ.க்கு உட்பட்ட காரையும் அதே பத்திரத்துடன் ஓட்டலாம். கார் அனுமதிப்பத்திரம் பெறுவது செலவான காரியம். ஆகவே தயாரிப்பாளர்கள் அந்த எல்லைக்குள் ஒரு காரை அடக்கிவிட முயன்றார்கள். விவசாய இயந்திரங்கள் செய்துவந்த ஹான்ஸ் கிளாஸ் நிறுவனத்தின் கொகோமொபில் அவ்வாறு வந்தது. குளிர்சாதனப் பெட்டி தயாரித்துவந்த இத்தாலிய நிறுவனமான ஈசோ 1953இல் வெளியிட்ட இசெற்றாவை, 1955 முதல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரித்ததும் அவ்வாறே. முட்டை வடிவம், முன்முகமே கதவு, உள்ளே மோட்டார் சைக்கிள் இயந்திரம். இன்று செல்வத்தின் அடையாளமாக விளங்கும் அந்தப் பெயர்ப்பலகை அன்று இந்த முட்டை வண்டியில் ஒட்டப்பட்டிருந்தது. ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானவை விற்பனையாகின.

1956இல் சட்டம் மாறியது. புதிதாக வழங்கப்பட்ட நான்காம் வகுப்புப் பத்திரங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆனால் பழைய பத்திரக்காரரின் உரிமை பறிக்கப்படவில்லை. புதிய பரீட்சைக்குப் போக விரும்பாத, வயதேறிக்கொண்டிருந்த ஒரு தலைமுறைக்காக 250 சீ.சீ. கொகோமொபில் 1969 வரை உற்பத்தியாயிற்று. ஒரு காரின் ஆயுளை ஒரு சட்டப்பிரிவு பதின்மூன்று ஆண்டுகள் நீட்டித்துவைத்த கதை இது.

பிரித்தானியாவில் எல்லை வேறு விதமாகக் கீறப்பட்டிருந்தது. அங்கே கணக்கு நிறையிலும் சில்லிலும் இருந்தது. மூன்று சில்லுகளுடன், ஏறத்தாழ 400 கிலோகிராமுக்கு உட்பட்டிருந்தால் மோட்டார் சைக்கிளுக்குரிய குறைந்த வரி. பின்னோக்கிச் செல்லும் கியர் இல்லையென்றால் மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரமே போதும். ஆகவே 1957 முதல் பிறைற்றன் நகரின் பழைய ரயில் இயந்திரத் தொழிற்சாலையில் ஒருங்கிணைக்கப்பட்ட இசெற்றாக்கள் பெரும்பாலும் பின்புறம் ஒற்றைச் சில்லுடன் வந்தன. பிரித்தானியாவில் சாரதி வலப்பக்கம் அமர வேண்டும். இயந்திரமும் வலப்பக்கத்திலேயே இருந்தது. வண்டி ஒருபக்கம் சாயாதிருக்க இடப்பக்கத்தில் பாரமொன்றை வைத்துச் சமன்செய்தார்கள்! வரிச் சட்டத்தின் மேல் இயந்திரவியல் எவ்வளவு பணிவு காட்டியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

கழக விதியிலுள்ள 1945 என்ற ஆண்டு தற்செயலானதன்று. போரில் தோற்ற ஜேர்மனி விமானம் கட்டக்கூடாதென்று நேசநாடுகள் தடுத்திருந்தன. போர் விமானங்களால் உலகறிந்த மெசர்ஷ்மித் நிறுவனம் றேகென்ஸ்பேர்க் நகரில் வேலையின்றி இருந்தது. அங்கே வந்து சேர்ந்தவர் பிறிற்ஸ் பென்ட் என்ற பொறியியலாளர். போரில் கால்களை இழந்தவர்களும் செயலிழந்தவர்களும் தாமே ஓட்டிச் செல்லத்தக்க சிறு வண்டியை அவர் 1948 முதல் செய்துவந்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1953இல் வெளிவந்த மெசர்ஷ்மித் கே.ஆர். 175. அதன் தம்பி கே.ஆர். 200 இரண்டு ஆண்டுகளில் வந்தது. ஒருவர் பின் ஒருவராக இருவர் அமர வேண்டும். மேலே கண்ணாடிபோன்ற மூடி. இன்றைய கண்காட்சிகளில் அதைப் பார்ப்போர் போர் விமானத்தின் மூடியை வெட்டி ஒட்டியதாகக் கதை சொல்லி மகிழ்கிறார்கள். அதன் வேர் ஊனமுற்ற படைவீரரின் வண்டியில் இருக்கிறது என்பதை நினைப்பவர் குறைவு. விமானம் கட்டும் வாய்ப்பு மீண்டும் கிடைத்ததும், மெசர்ஷ்மித் 1957இல் கார்த் தொழிலைப் பென்டிடமே விட்டுவிட்டு விலகியது. இன்னொரு விமான நிறுவனமான ஹைங்கலும் 1956 முதல் 1958 வரை இத்தகைய குமிழிக் கார் ஒன்றைச் செய்தது.

பின்னர் சுயஸ் வந்தது. 1956இல் கால்வாய் மூடப்பட்டதும் அவ்வாண்டு டிசெம்பரில் பிரித்தானியா பெற்றோலைப் பங்கிட்டு வழங்கத் தொடங்கியது. 1957 மே வரை அது நீடித்தது. அதுவரை நகைப்புக்கிடமாக இருந்த குமிழிக் கார் திடீரென்று புத்திசாலித்தனத்தின் சின்னமாயிற்று. எரிபொருளின் அருமை மனிதரை எவ்வாறு மாற்றும் என்பதை 1990களில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட ஒஸ்ரின் ஏ40 கார்கள் சிறிய கார்களல்ல. ஆனாலும் இசெற்றாவை வாங்கிய மனநிலையும் அவற்றைக் காப்பாற்றிய மனநிலையும் உறவினர்தாம்.

குமிழிக் கார்களைக் கண்டு எரிச்சலடைந்தவர்களுள் பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனத்தின் தலைவர் லெனார்ட் லோர்ட் ஒருவர். அவற்றை வீதியிலிருந்து விரட்டும்படியான 'முறையான' சிறிய காரொன்றைச் செய்யுமாறு அலெக் இஸிகோனிஸிடம் அவர் ஒப்படைத்தார். 1959 ஓகஸ்ட்டில் மினி பிறந்தது. 848 சீ.சீ., நான்கு சில்லு, நான்கு ஆசனம். அதன் விலைக்கு எதிரே குமிழிகளால் நிற்க முடியவில்லை. மிஸ்டர் பீன் தொடரில் அவரது மினி ஒரு நீல நிற மூன்று சில்லு வண்டியை ஓயாது இடித்துக் கவிழ்க்குமே, நினைவிருக்கிறதா? வாகன வரலாற்றின் ஒரு அத்தியாயம் அந்தச் சிரிப்புக்குள் அடங்கியிருக்கிறது.

அந்த நீல வண்டி றிலையன்ற் றீகல் ஆகும். அதன் ஆரம்ப இயந்திரமொன்று 598 சீ.சீ. 1968இல் வந்த 3/30 வகையின் இயந்திரமோ 701 சீ.சீ. விதியை எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால், ஒரேயொரு சீ.சீ.யால் அது வாசலில் நின்றுவிடுகிறது. மறுபுறம், 602 சீ.சீ. கொண்ட சித்ரோவன் 2சீவீ எண்ணின்படி உள்ளே வரலாம். ஆனால் நான்கு கதவு கொண்ட அந்தக் குடும்பக் காரை நுண்கார் என்பவர் அரிது. 1998இல் வந்த முதலாவது ஸ்மார்ட் 599 சீ.சீ., இரண்டு கதவு, இரண்டரை மீற்றர் நீளம். எல்லாத் தகுதியும் உண்டு. 2007இல் வந்த அதன் அடுத்த தலைமுறை 999 சீ.சீ. ஆகித் தகுதியை இழந்தது. இலங்கையின் வீதிகளை நிறைத்த ஜப்பானிய வகன் ஆர் கூட 658 சீ.சீ.தான். அது ஜப்பானியச் சட்டம் 1990இல் விதித்த 660 என்ற எல்லைக்குள் பிறந்த பிள்ளை. ஆயினும் அதை அரும்பொருளாக எண்ணி எவரும் மெழுகு பூசுவதில்லை.

எண் மட்டும் போதாதென்பது இதிலிருந்தே தெரிகிறது. என்னைக் கேட்டால், இதற்குக் கீழே இரண்டு சில்லுதான் என்ற நிலையில் வாழ்ந்த ஒருவரை மழையிலிருந்து கூரைக்குள் கொண்டுவந்த வண்டியா என்பதையே முதலில் கேட்பேன். அந்தக் கேள்விக்கு நம் காலத்தில் மிகப் பொருத்தமான பதில் டாட்டா நானோ. ஸ்கூட்டரில் நெருக்கியடித்துச் சென்ற ஒரு குடும்பத்தைக் கண்டதே அதன் வித்து என்று ரத்தன் டாட்டா சொல்லியிருக்கிறார். 2008 ஜனவரியில் அறிமுகமானது. 624 சீ.சீ., பின்புறம் இரட்டை உருளை இயந்திரம், இலக்கு விலை ஓர் இலட்சம் இந்திய ரூபாய். மலிவான கார் என்ற பெயரே அதற்குப் பகையாயிற்று. ஏழ்மையைக் கடப்பதற்கு வாங்கும் பொருள் ஏழ்மையை அறிவிப்பதாக இருப்பதை யாரும் விரும்பவில்லை. 2018இல் உற்பத்தி நின்றது. நான்கு கதவு கொண்ட அதற்கு வைனரின் அருங்காட்சியகத்தில் இடம் கிடைத்திராது. பிரித்தானியக் கழகத்தின் விதியோ அதைத் தடுக்கவில்லை.

வைனர் தமது தொகுப்பை 2013இல் ஏலத்தில் விற்றுவிட்டார். மான் தீவில் 1962 முதல் 1965 வரை செய்யப்பட்ட பீல் பி50 ஒன்றும் அதில் இருந்தது. 49 சீ.சீ., 137 சென்ரிமீற்றர் நீளம், ஒரு கதவு, ஒருவருக்கும் ஒரு பைக்கும் மட்டுமே இடம். பின்னோக்கிச் செல்லும் கியர் கிடையாது. இறங்கிப் பின்பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்து இழுத்துத் திருப்ப வேண்டும். ஏழைக்குக் கட்டுப்படியாக வேண்டுமென்று செய்யப்பட்ட அந்த வண்டி ஓர் இலட்சத்து இருபதாயிரம் டொலருக்கு மேல் விலைபோயிற்று.