சாதன மரக் கோப்புகள்: லினக்ஸ் கருனியிலிருந்து பிரிந்த வரலாறு

ஒரு கணினிப் பலகையில் என்னென்ன வன்பொருள்கள் உள்ளன, அவை எந்த நினைவக முகவரியில் அமைந்துள்ளன என்பதை இயங்குதளத்துக்குத் தெரிவிக்கும் விவரக் கோப்பு சாதன மரம் ஆகும். இது டிவைஸ் ட்ரீ என்ற பெயரில் பரவலாக அறியப்படுகிறது. யுஎஸ்பி வழியாக இணைக்கப்படும் கருவி தன்னைத் தானே அடையாளம் காட்டிக்கொள்ளும். ஆனால் கைபேசி, ரவுட்டர் போன்றவற்றின் சில்லுக்குள் இருக்கும் பல பகுதிகள் அவ்வாறு செய்வதில்லை. அவற்றைப் பற்றி யாராவது எழுதித்தான் வைக்க வேண்டும்.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டைக் கொண்டு இதை விளக்கலாம். மீன் கடை எங்கே, பூக்கடை எங்கே என்பதை ஒரு சுமைதூக்குபவர் மனப்பாடமாக வைத்திருந்தால், கடைகள் இடம் மாறும்போதெல்லாம் அவர் புதிதாகக் கற்க வேண்டும். அதையே வாயிலில் பலகையாக எழுதி வைத்தால், புதிதாக வருபவரும் படித்து வேலை செய்யலாம். சாதன மரம் அந்தப் பலகையைப் போன்றது.

தோற்றம்

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவான ஓப்பன் ஃபர்ம்வேர் 1994-இல் ஐஇஇஇ 1275 என்ற தரமாக வெளிவந்தது. சாதன மரம் என்ற கருத்து அதிலிருந்து வந்தது. 2005-இல் பவர்பிசி கணினிகளுக்கான லினக்ஸில் அதன் எளிய இருமக் கோப்பு வடிவம் இடம்பெற்றது.

ஏஆர்எம் சில்லுகளில் நிலைமை வேறாக இருந்தது. ஒவ்வொரு பலகையின் விவரமும் சி மொழி நிரலாகவே கருனிக்குள் எழுதப்பட்டது. இவ்வாறு குவிந்த நிரல்களை லினஸ் டோர்வால்ட்ஸ் 2011-இல் கடுமையாகக் குறைகூறினார். அதன்பின் ஏஆர்எம் பலகைகளும் சாதன மரத்துக்கு மாறின. 2012 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 3.7 பதிப்பு முதல், ஒரே கருனிக் கோப்பு பல வகை ஏஆர்எம் சில்லுகளில் இயங்க வழி பிறந்தது.

பிரிப்பு

விவரங்கள் நிரலிலிருந்து பிரிந்தாலும், கோப்புகள் லினக்ஸ் மூலநிரலுக்குள்ளேயே இருந்தன. யூ-பூட் என்னும் துவக்க நிரல், ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் ஆகியவற்றுக்கும் இதே விவரங்கள் தேவைப்பட்டன. கையால் நகலெடுத்த கோப்புகள் நாளடைவில் மூலத்திலிருந்து விலகின. ஒரே பலகைக்கு இரு வேறு விவரங்கள் உருவாயின.

இதற்குத் தீர்வாக, சாதன மரக் கோப்புகளை மட்டும் கருனியிலிருந்து தானாகப் பிரித்தெடுத்துத் தரும் தனிக் களஞ்சியம் தொடங்கப்பட்டது. ஃப்ரீபிஎஸ்டி அதிலிருந்து கோப்புகளைப் பெறுகிறது. 2024-இல் யூ-பூட்டும் அக்களஞ்சியத்தைத் தன்னுள் இணைத்துக்கொண்டது. பல கோப்புகள் ஜிபிஎல் உரிமத்துடன் எம்ஐடி அல்லது பிஎஸ்டி உரிமத்தையும் சேர்த்து வெளியிடப்படுவதால், லினக்ஸ் அல்லாத திட்டங்களும் அவற்றைத் தடையின்றிப் பயன்படுத்த முடிகிறது.

எனினும் இது முழுப் பிரிவினை அன்று. கோப்புகள் எழுதப்படுவதும் சரிபார்க்கப்படுவதும் இன்றும் கருனித் திட்டத்தில்தான். இயக்கி நிரலும் விவரமும் பெரும்பாலும் ஒன்றாகவே வளர்கின்றன. இரண்டையும் அறிந்த பராமரிப்பாளர்களும் அங்கேயே உள்ளனர் என்பதே காரணம்.

தமிழ்நாட்டுடன் தொடர்பு

சென்னை ஐஐடியில் உருவான சக்தி செயலி 2018-இல் லினக்ஸை இயக்கிக் காட்டியது. அது ரிஸ்க்-வி என்ற திறந்த கட்டளைத் தொகுப்பைச் சேர்ந்தது. ரிஸ்க்-வி கணினிகளில் லினக்ஸ் துவங்கும்போது, சாதன மரம் இருக்கும் நினைவக முகவரியைத் துவக்க நிரல் ஒரு பதிவகத்தின் வழியே கருனிக்குத் தருவது வழக்கம். பெரிய நிறுவனங்கள் தங்கள் சில்லுக்காக ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனியே ஆட்களை அமர்த்த முடியும். சிறு குழுக்களால் அது இயலாது. தங்கள் வன்பொருளை ஒருமுறை சரியாக விவரித்தால் பல மென்பொருள்களும் அதைப் படிக்கும் என்பதே, இந்தப் பிரிப்பு அவர்களுக்குத் தரும் பயன்.