இலவச உடல் பரிசோதனை: முடிவைக் கேட்கவும் போக வேண்டும்

எஸ்டிஆர் உதவித்தொகை பெறுவோருக்கும் அவர்களின் துணைவருக்கும் 40 வயது ஆகிவிட்டால், 2019-இல் தொடங்கப்பட்ட பெக்கா பி40 திட்டத்தில் உடல் பரிசோதனை இலவசம். அடையாள அட்டை போதும். திட்டத்தில் உள்ள தனியார் கிளினிக்குகளிலும் செய்துகொள்ளலாம். சிகாமாட், குளுவாங் பக்கத் தோட்டங்களிலிருந்து வருவோர் முன்கூட்டியே போன் செய்து, வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

முதல் நாள் இரத்தமும் சிறுநீரும் எடுப்பார்கள். முடிவை விளக்குவது இரண்டாம் முறை போகும்போதுதான். அதற்குப் போகாவிட்டால் ஊசி குத்திக்கொண்டதுதான் மிச்சம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது.

எச்பிஏ1சி சோதனை இரண்டு மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும். முதல் நாள் மட்டும் தே தாரேக்கை நிறுத்தி அதை ஏமாற்ற முடியாது.

சாப்பிடும் மாத்திரைகளை, நாட்டு மருந்து உட்பட, கையோடு கொண்டுபோங்கள். பெற்றோருக்கு இருந்த நோய்களையும் சொல்லுங்கள். முடிவின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்தால், சிறுநீரக அளவு கூடியதா குறைந்ததா என்பதை அடுத்த முறை மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.