குற்றப் படங்களும் தோட்டத்துப் பிள்ளைகளும்

அரசாணைகளும் கல்வெட்டுகளும் மட்டுமே வரலாற்றுச் சான்றுகள் ஆகா. தன் இளைஞரைக் குறித்து ஒரு சமுதாயம் கொள்ளும் கவலை, அஃது எடுக்கும் குற்றத் திரைப்படங்களிலும் பதிவாகின்றது.

1950ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பாசில் டியர்டன் இயக்கிய 'தி புளூ லேம்ப்' இதற்குத் தக்க சான்று. திரையரங்கு ஒன்றின் பணத்தைக் கொள்ளையிடப் புகுந்த இளைஞன், எதிர்ப்பட்ட காவலரைச் சுட்டுவிடுகின்றான்; கொள்ளை கொலையாய் முடிகின்றது. போர்க்காலச் சிதைவில் வளர்ந்த பிள்ளைகள் நெறி தவறினர் என்னும் அந்நாட்டின் கவலையே அக்கதைக்கு வித்து. ஆயினும் அப்படம் காவலர் பக்கம் நின்றே குற்றத்தை நோக்குகின்றது. அவ்விளைஞன் அந்நிலையை எவ்வாறு அடைந்தான் என்னும் வினாவுக்கு அங்கு இடம் குறைவு.

மலேசியத் தமிழ்த் திரைப்படம் அவ்வினாவையே முதன்மையாகக் கொண்டது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கத்தில் குறைந்த செலவில் உருவாகி, 2015 டிசம்பரில் வெளிவந்த 'ஜகாட்' அத்தகையது. தீயவன் எனப் பொருள்படும் மலாய்ச் சொல் தமிழர் நாவில் திரிந்த வடிவமே அதன் பெயர். குறும்பும் கூர்மதியும் ஒருங்கே உடைய அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன், தந்தையின் அடிக்கும் பள்ளியின் கண்டிப்புக்கும் இடையே, குண்டர் கும்பலின் பக்கம் ஈர்க்கப்படுகின்றான்.

இக்கதைக்குப் பின்னால் ஒரு பெரும் இடப்பெயர்வு நிற்கின்றது. பண்டமாரான், 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமங்களுள் ஒன்று. அதனைச் சூழ்ந்த கிள்ளான் வட்டாரத்தில், தோட்டங்கள் பல பின்னாளில் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் வழிவிட்டன. வேலையோடு வீட்டையும் கோயிலையும் அண்டை அயலையும் இழந்த குடும்பங்கள் புறம்போக்குக் குடிசைகளிலும் நகர்ப்புற அடுக்குமாடிகளிலும் குடியேறின. தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005) தோட்ட வாழ்வையும், 'சலங்கை' (2007) பிரிக்பீல்ட்ஸ் நகர வாழ்வையும் காட்டின. இடையில் சிதறியோரின் கதையை 'ஜகாட்' நிறைவு செய்தது எனலாம்.

2016இல் நடந்த 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், மலாய் மொழியில் அமையாத படங்களைத் தனிப்பிரிவில் ஒதுக்கியமை கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. அதன் பயனாக மொழி வேறுபாடற்ற பிரிவு அமைந்தது. சிறந்த மலேசியத் திரைப்படம் என்னும் விருதை 'ஜகாட்' பெற்றது.

விருதினும் மேலானது அப்படம் விடுக்கும் எச்சரிக்கை. கும்பல் அச்சிறுவனுக்கு முதலில் அளிப்பது பணமன்று, மதிப்பு. வகுப்பறையில் கிட்டாத மதிப்பை அவன் தெருவில் தேடுகின்றான். 'இவன் உருப்படமாட்டான்' என்று ஆசிரியர் ஒருவர் கூறும் சொல், ஒரு பிள்ளையின் வரலாற்றையே மாற்றிவிடக்கூடும். தோட்டங்களை மீட்டல் இயலாது; பிள்ளைகளை மீட்டல் இயலும். அப்பணி தமிழ்ப்பள்ளியின் வகுப்பறையில் தொடங்குவதாகும்.