ஐப்டேசியா

உப்புநீர் மீன்தொட்டிகளில் களைபோல் பெருகும் சிறு கடற்சாமந்தி இனம். பழுப்பு நிறம், ஒளி ஊடுருவும் உடல். கடற்பாறைத் துண்டுகளிலும் பவளங்களிலும் ஒட்டிக்கொண்டு தொட்டிக்குள் வரும். கொட்டும் உணர்கொம்புகளால் அண்டையிலுள்ள பவளங்களைத் தாக்கும்.

பிய்த்து எறிவது தீர்வாகாது. அடிப்பகுதியில் எஞ்சும் துணுக்கும் புது உயிராக வளரும். சுண்ணாம்புக் குழம்பை ஊசிக்குழாயால் அதன் வாயில் செலுத்திக் கொல்வர். பெர்கியா என்னும் ஓடில்லாக் கடல்நத்தைக்கு இதுவே இரை.

வருமுன் காப்பதே எளிது. கரையில் மொண்ட கடல்நீரையும் வடிகட்டியே ஊற்ற வேண்டும். புதிதாக வாங்கும் கற்களைச் சில வாரம் தனித்தொட்டியில் வைத்துக் கண்காணிக்க வேண்டும். தொட்டிக்காகவே ஆனாலும் இந்தியக் கடலில் பவளம் எடுப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.