தறியும் புள்ளிவிவரமும்



ஆரணிப் பகுதியில் எத்தனை பட்டுத் தறிகள் உள்ளன என்று நீங்கள் நால்வரிடம் கேட்பீர்களாயின், நான்கு விடைகள் கிடைக்கும். கூட்டுறவுச் சங்கத்தைச் சார்ந்தவர் தம் உறுப்பினர்களின் தறிகளைச் சொல்வார். பட்டு வணிகர் தம்மிடம் பாவும் சரிகையும் பெற்றுக் கூலிக்கு நெய்வோரை எண்ணிச் சொல்வார். மூன்றாமவர் நகராட்சி எல்லைக்குள் நின்றுவிடுவார். நான்காமவரோ சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் முதலிய சுற்றூர்களையும் சேர்த்துக் கணக்கிடுவார். நால்வருள் எவரும் பொய்யுரைப்பவர் அல்லர். எதை எண்ணுவது என்பதில்தான் வேறுபாடு. சிறிதாகத் தோன்றும் இச்சிக்கல் நம் நாட்டின் திட்டமிடுதலையே நெடுங்காலம் வருத்தி வந்திருக்கிறது. அவ்வரலாற்றை இன்று காண்போம்.

தறியை எண்ணும் வழக்கம் நமக்குப் புதிதன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலே 'தறி இறை' என்னும் வரி பேசப்படுகிறது. கும்பினியார் ஆட்சியிலும் மோதுர்பா என்ற தொழில்வரி நெசவாளரைத் தொடர்ந்தது. வரிக்காக எண்ண வருகிறவரிடம் தறியைக் காட்ட விரும்புவோர் யார்? ஆதலின் அக்கணக்குகள் குறைவாகவே இருந்திருக்கும் என்று கொள்வதில் தவறில்லை. இதற்கு நேர்மாறான நிலை இரண்டாம் உலகப் போரை ஒட்டி வந்தது. பருத்தி நூலுக்குத் தட்டுப்பாடு நேர்ந்து, தறிக்கு இவ்வளவு என்று நூல் பங்கிடப்பட்டபொழுது, ஓடாத தறிகளும், வீட்டில் இல்லவே இல்லாத தறிகளும் ஏட்டில் ஏறிக்கொண்டன! எண்ணுகிறவர் கையில் இருப்பது வரிச்சீட்டா, நூற்கட்டா என்பதைப் பொறுத்துத் தறிகளின் தொகை சுருங்கவும் பெருகவும் செய்தது.

நூல் ஆலைகளும் துணி ஆலைகளும் பெருகிக் கைத்தறி நலிவுற்ற காலத்தில், நாட்டில் உள்ள தறிகள் எத்தனை என்று திட்டமாகச் சொல்ல அரசாங்கத்தால் இயலவில்லை. 1941-இல் இந்திய அரசாங்கம் கைத்தறி, ஆலை ஆகியவற்றின் நிலைமையை ஆராய ஓர் உண்மை அறியும் குழுவை அமைத்தது. அதன் தலைவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராய் விளங்கிய பி. ஜே. தாமஸ். 1942-இல் அக்குழு அளித்த அறிக்கை, பிரிவினைக்கு முற்பட்ட இந்தியாவில் ஏறத்தாழ 20 லட்சம் கைத்தறிகள் இருப்பதாக மதிப்பிட்டது. தறிக்குத் தறி சென்று எண்ணிய கணக்கு அன்று அது. மாகாணந்தோறும் திரட்டிய மதிப்பீடுகளின் தொகுப்பு. ஆயினும் கைத்தறியைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் பல ஆண்டுகள் இதனையே எடுத்தாண்டனர். வேறு இல்லையே!

விடுதலைக்குப் பின் 1950-இல் திட்டக் கமிஷன் தோன்றியது. அதே ஆண்டில் தேசிய மாதிரி ஆய்வும் தொடங்கப்பெற்றது. இவ்வாய்வின் பின்னே நின்ற பேரறிஞர் பிரசாந்த சந்திர மஹலனோபிஸ். 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர் இவரே. முப்பதுகளின் பிற்பகுதியில், வங்காளத்தில் சணல் பயிரான நிலப்பரப்பை வயலுக்கு வயல் அளவாமல், சிலவற்றை மாத்திரம் முறைப்படி தேர்ந்தெடுத்து அளந்து, முழுமையையும் கணித்துக் காட்டினார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டுப் பெண்டிர் அறிந்த உண்மைதான் இது. ஆனால் கிளறாத பானையில் மேற்சோற்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் பதம் தெரியாது. எந்தச் சோற்றை எடுப்பது என்பதற்கு நெறி வகுத்ததே அவர் கலையின் சிறப்பு.

1956-இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் அவர் வகுத்த அடிப்படையில் எழுந்தது. இரும்பு, எந்திரம் முதலிய பெருந்தொழில்களில் நாட்டின் முதலைப் போட வேண்டும். மக்கள் அன்றாடம் வேண்டும் துணிமணி முதலியவற்றை இயன்ற மட்டும் குடிசைத் தொழில்கள் அளிக்க வேண்டும். அவற்றால் வேலையின்மையும் நீங்கும் என்பது அதன் கருத்து. இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். பிலாயிலும் துர்க்காபூரிலும் எழுந்த உருக்காலைகளின் பக்கத்திலே, குழித்தறியில் காலூன்றி உட்கார்ந்திருந்த நெசவாளியும் அத்திட்டத்தின் ஒரு தூணாக வைக்கப்பட்டான். உருக்காலையின் கொள்ளளவு டன் கணக்கில் தெரியும். அந்நெசவாளி ஆண்டில் எத்தனை நாள் நெய்கிறான், எத்தனை நாள் பாவின்றிச் சும்மா இருக்கிறான் என்பது திட்டமாகத் தெரியாது.

கணக்கு உறுதியாய் இல்லாதபொழுது கருத்துகள் தத்தம் வழியே செல்லுதல் இயல்பு. 1954-இல் அறிக்கை தந்த கானுங்கோ குழு, கைத்தறிகளைப் படிப்படியாக விசைத்தறிகளாக மாற்றலாம் என்றது. மறு ஆண்டில் கார்வே குழு, ஆலைகளின் தறிகளை மேலும் பெருக்காது கைத்தொழிலைக் காத்தல் வேண்டும் என்றது. இரண்டும் நல்லெண்ணத்தோடு எழுந்தவையே. இவ்விரண்டிற்கும் இடையே, அனுமதி பெறாத விசைத்தறிகள் எவர் கணக்கிலும் அகப்படாமல் பல்கின.

மாதிரி ஆய்வு மாநிலத்தின் நிலையைச் சொல்லும்; ஆரணியின் நிலையை அதனின்று பிரித்தறிய இயலாது. அதற்கு வீடுதோறும் சென்று எண்ணுதல் ஒன்றே வழி. நாடு முழுவதற்குமான முதற் கைத்தறிக் கணக்கெடுப்பு நடந்தது எப்பொழுது தெரியுமா? 1987-88-இல்! கைத்தறியை நம்பித் திட்டம் தீட்டி முப்பது ஆண்டுகள் சென்ற பின்னர்! அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் தறியைக் கழற்றி வைத்துவிட்டு வேறு பிழைப்புத் தேடிப் போயின. அவர்களை அதன்பின் எவ்வாறு எண்ணுவது?

இதற்கிடையே ஆரணிக்கு ஒரு நற்பேறு வாய்த்தது. 1973-இல் வட ஆர்க்காட்டின் நெல் விளையும் ஊர்களை ஆராய வந்த கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக அறிஞர்களுள் ஒருவரான பார்பரா ஹாரிஸ்-வைட் அம்மையார், இந்நகரத்துக் கடைகளையும் தொழிலகங்களையும் ஆராயத் தொடங்கினார். பத்தாண்டுக்கு ஒருமுறை போலத் திரும்பி வந்து மீண்டும் கணக்கெடுத்தார். நாற்பதாண்டு மாற்றத்தைக் கூறும் நூல் 2016-இல் வெளிவந்தது. பதிவேட்டில் ஏறாத சிறு தொழில்கள் ஊரின் வாழ்வில் எவ்வளவு பெரும் பங்கு கொண்டுள்ளன என்பதை அவருடைய ஆய்வுகள் காட்டின. ஒரு சிற்றூரை இத்துணைப் பொறுமையுடன் எண்ணிய சான்று அரிது.

நாட்டுக் கணக்கிற்கு மீள்வோம். நெசவாளரும் துணைத்தொழில் செய்வோரும் 1987-88-இல் 67 லட்சத்திற்கு மேல் இருந்தனர், 2009-10-இல் 43.31 லட்சம், 2019-20-இல் 35.22 லட்சம். இறங்குமுகம் தெளிவு. ஆனால் கடைசி இரண்டு கணக்குகளுக்கிடையே கைத்தறிக் குடும்பங்கள் 27.83 லட்சத்திலிருந்து 31.45 லட்சமாகவும், தறிகள் 23.77 லட்சத்திலிருந்து 28 லட்சத்திற்கு மேலாகவும் உயர்ந்துள்ளன. ஆட்கள் குறைய, தறிகள் பெருகுமோ? ஒரு வீட்டில் நால்வர் செய்த வேலையை இருவரே செய்கின்றனரா? எண்ணிய முறை மாறிற்றா? கல்லூரி மாணவர்கள் இதனை ஆராய வேண்டுகிறேன். எண்ணை மனப்பாடம் செய்வதைவிட அது பயன் தரும்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் 'தந்தையின் தொழில்' என்று ஒரு பத்தி இருந்ததை நான் ஆசிரியனாய் இருந்தபொழுது நாள்தோறும் கண்டிருக்கிறேன். நெசவாளர் பிள்ளைகளுக்கெல்லாம் அதில் 'நெசவு' என்று எழுதுவோம். அவ்வீட்டில் தார் சுற்றிக் கொடுத்தவளும், பாவு பிணைத்தவளும், கணவன் எழுந்தபின் தறியில் அமர்ந்தவளும் தாயே. அவளுக்குப் பதிவேட்டில் பத்தி இல்லை. 2019-20 கணக்கெடுப்பு ஒவ்வொருவரையும் தனித்தனியே எண்ணியது. நாட்டின் கைத்தறி நெசவாளருள் நூற்றுக்கு 72 பேர் பெண்கள் என்று அது கூறுகிறது.