அவியலும் ஆடு பாம்பும்

இன்னிக்கு கொஞ்சம் கொசுவத்தி சுத்தப் போறேன்.

போன சனிக்கிழமை நம்ம வீட்டு வாண்டு (வயசு 14) கிடாரை மடியில வெச்சுக்கிட்டு ஒரு தீர்ப்பு சொன்னான். "தமிழ்ல எல்லாம் ராக் பாட முடியாதுப்பா. சினிமாப் பாட்டு மாதிரியே இருக்கும்." தங்கமணி காதுலயே போட்டுக்கலை. எனக்குத்தான் சோறு இறங்கலை. திருவனந்தபுரத்துல எட்டு வருஷம் குப்பை கொட்டினவன்கிட்ட சொல்ற பேச்சா இது? அதனால இந்தப் பதிவு அவனுக்கும், அவனை மாதிரி இருக்கற மத்த குட்டீஸுக்கும்.

ராக் இசைக்கு ஒரு அச்சு உண்டு. டிரம்ஸ், கிடார், பல்லவி, மறுபடி பல்லவி. அந்த அச்சை உடைச்சுப் பாக்கறதுதான் பரிசோதனை ராக். பீட்டில்ஸ் 1966-ல 'ரிவால்வர்' ஆல்பத்தோட கடைசிப் பாட்டுல டேப்பை வெட்டி வளையமா ஒட்டி ஓட விட்டாங்க, அடியில நம்ம தம்பூரா. 1968-ல ஜெர்மனியில 'கேன்' குழு வந்துச்சு. நாங்க அமெரிக்கா மாதிரி வாசிக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லைன்னு கிளம்பினவங்க.

கேரளாவுலயும் ராக் இருந்துச்சு. கொச்சியோட '13 ஏடி' 1990-லயே 'கிரவுண்ட் ஜீரோ' ஆல்பம் போட்டாங்க. ஆனா இங்கிலீஷ்ல. ராக்னா இங்கிலீஷ்தான்னு எழுதாத சட்டம்.

அதை உடைச்சது திருவனந்தபுரத்து 'அவியல்'. 2003-ல 'நட நட'ன்னு மலையாளத்துல ஒரு பாட்டு. 2008-ல முதல் ஆல்பம். டோனி ஜான் குரலும் டர்ன்டேபிளும், ரெக்ஸ் விஜயன் கிடார். பேரை கவனிங்க. அவியல்ல எந்தக் காயும் கரையக் கூடாது. முருங்கைக்காய் முருங்கைக்காயாவே இருக்கணும், தேங்காயும் தயிரும் சேர்த்துப் பிடிச்சுக்கும். (எங்க நாகர்கோவில் அவியல்தான் உசத்திங்கற சண்டையை இன்னொரு நாள் வெச்சுக்கலாம்.) இது பரிசோதனை ராக்கே இல்லை, மாற்று ராக்குன்னு சண்டைக்கு வர்றவங்க உண்டு. சத்தத்தைப் பொறுத்தவரை அவங்க சொல்றது சரிதான். என்னைக் கேட்டா அவங்க பண்ணின பரிசோதனை சத்தத்துல இல்லை, மொழியில.

இப்பதான் நான் சொல்ல வந்த விஷயம். அந்த ஆல்பத்துல 'ஆடு பாம்பே'ன்னு ஒரு பாட்டு. வரிகள் ஸ்ரீ நாராயண குருவோட 'குண்டலினிப் பாட்டு'. குரு பிறந்த செம்பழந்தி திருவனந்தபுரத்தை ஒட்டின ஊர். அவருக்கு யோகம் சொல்லிக் குடுத்த தைக்காடு அய்யாவு சுவாமிகள் தமிழர். குரு தமிழ்லயும் பதிகம் பாடியிருக்கார், திருக்குறள்ல கொஞ்சத்தை மலையாளத்துக்கும் கொண்டு போயிருக்கார். பாம்பைப் பாத்து ஆடச் சொல்ற அந்த மெட்டு நம்ம பாம்பாட்டிச் சித்தர்கிட்ட இருந்து போனது. சித்தர் பாட்டு குரு வழியா போய், கடைசியில எலக்ட்ரிக் கிடார்ல ஏறியிருக்கு!

ஞாயித்துக்கிழமை காலையில பையனுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். மூணு தடவை கேட்டான். அப்புறம், "அந்தச் சித்தர் பாட்டை இங்கிலீஷ் எழுத்துல எழுதித் தாயேன், வாசிச்சுப் பாக்கறேன்"ன்னான்.

முடியாதுடா, பக்கத்துல உக்காரு, நான் படிக்கறேன்னு புஸ்தகத்தை எடுத்தேன். இப்போதைக்கு நாலு பாட்டு முடிஞ்சிருக்கு.